சண்டிக் குதிரையைப் பழக்கும் முறை

புதிதாக வாங்கி வந்த குதிரை கடிக்கிறது, உதைக்கிறது, சேணத்தைக் கண்டாலே மிரள்கிறது என்றால் அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: எங்கோ வலிக்கிறது, எதற்கோ பயப்படுகிறது, அல்லது பழைய இடத்தில் அப்படிச் செய்யத்தான் பழக்கியிருக்கிறார்கள். சில குதிரைகளிடம் மூன்றும் சேர்ந்தே இருக்கும். எது காரணம் என்று பிரித்தறியாமல் பழக்கத் தொடங்கினால் குதிரையின் முரட்டுத்தனம் கூடும்.

குதிரையின் நம்பிக்கை என்பது பாசத்தைவிட எளிய விஷயம். இந்த ஆள் வந்தால் என்ன நடக்கும், தான் இன்னது செய்தால் அவர் என்ன செய்வார் என்பது குதிரைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை, ஒரே பதில் என்று இருந்தால் எந்தச் சண்டிக் குதிரையும் படிப்படியாக இறங்கி வரும். இந்த அத்தியாயம் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையோரத்தின் தட்பவெப்பத்தையும் சாலைகளையும் மனதில் வைத்து அந்த வரிசையைச் சொல்கிறது.

எங்கிருந்து வந்த குதிரை

எல்லையோரத்துக்காரர்கள் குதிரை வாங்கப் போகும் பெயர்பெற்ற சந்தை, ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடுவது. காதுகள் உள்நோக்கி வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்ளும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகள் முதல் வண்டிக்குப் பழகிய மட்டக்குதிரைகள் வரை அங்கே விலைக்கு வரும். பந்தய மைதானங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட நெட்டைக் குதிரைகளும், கொடைக்கானல், ஊட்டி போன்ற மலையூர்களில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த குதிரைகளும் தரகர்கள் வழியாகக் கைமாறுகின்றன.

வந்த இடத்தைப் பொறுத்துக் குதிரையின் பழக்கம் மாறும். பந்தயக் குதிரை கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டே ஓடப் பழகியது. அதன் வாரை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தால் நிற்பதற்குப் பதிலாக வேகம் எடுக்கும். நாட்டியக் குதிரை, வாரை இழுத்துப் பிடித்தபடி தட்டும்போது கால் தூக்கி ஆடப் பழகியது. புதிய உரிமையாளர் பயந்து வாரை இழுக்க, அது ஆடத் தொடங்கும். அவர் இன்னும் இழுக்க, அது இன்னும் துள்ளும். சொன்னதைச் செய்த குதிரைக்கு முரடு என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. சுற்றுலாக் குதிரை முன்னால் போகும் குதிரையின் வாலைப் பார்த்தே நடந்து பழகியது. தனியாக அனுப்பினால் நின்றுவிடும். வண்டிக் குதிரைக்கு முதுகில் ஆள் ஏறுவதே புதிது.

ஆகவே வாங்கும்போது சுழி பார்ப்பதோடு நிற்காமல், விற்பவர் அதன் மேல் ஏறி நடத்தி, நிறுத்தி, திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். என்ன ஒலி கொடுக்கிறார், வாரை எப்படிப் பிடிக்கிறார், கால் எங்கே படுகிறது என்பதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு குதிரை புரியாமல் திகைக்கும்போது அந்தப் பதிவு உதவும்.

வலி இருக்கிறதா என்று பார்த்தல்

பழக்கம் தொடங்குமுன் கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். அமைதியாக நிற்கும்போதும் நாடி தொடர்ந்து 50க்கு மேல் இருந்தால் வலியோ காய்ச்சலோ கடும் பயமோ இருக்கிறது என்று பொருள்.

முதலில் வாய். கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருக்கலாம். கடிவாள இரும்பு படும் இடத்தில் முளைக்கும் சிறு பல், இரும்பு பட்டதும் குதிரையைத் தலை தூக்க வைக்கும். வாயோரத் தழும்பும் நாக்கில் வெட்டும் இருந்தால் முள் வைத்த கடிவாளம் போட்டிருந்தார்கள் என்று ஊகிக்கலாம். முள்ளோ கூர்முனையோ உள்ள கடிவாளத்தை, 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. அப்படி ஒன்று குதிரையோடு வந்திருந்தால் மறுபடி மாட்டவே கூடாது.

அடுத்து முதுகும் குளம்பும். முதுகெலும்பின் இருபுறமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போனால், சேணம் உறுத்திய இடத்தில் தோல் சுருங்கித் துடிக்கும் அல்லது முதுகு கீழே அமுங்கும். அங்கே வெள்ளை மயிர் முளைத்திருந்தால் அது பழைய புண். குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். வளர்ந்து பிளந்த குளம்போடு நிற்கும் குதிரை கால் தூக்கித் தர மறுப்பதில் வியப்பில்லை.

ஆடியில் வாங்கும் குதிரை மழைக்காலத்தில் வந்து சேர்கிறது. மூணாறு, தேவிகுளம் பக்கம் என்றால் ஈரத்தில் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாறும். மழை மறைவில் இருக்கும் மறையூர், சின்னாறு பக்கம் அந்தத் தொல்லை குறைவு. கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், உடல் இளைக்கும், கால் வீங்கும். கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய் மனிதர்களுக்கும் தொற்றும். நோய் உறுதியானால் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். சந்தையில் வாங்கிய குதிரைக்கு இந்த இரண்டு நோய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் மற்றக் குதிரைகளோடு சேர்க்கக் கூடாது. சிறு கீறலிலிருந்தும் வில்வாதம் வரும் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி அவசியம். குதிரை மருத்துவம் தெரிந்தவர் உள்ளூரில் கிடைக்காவிட்டால் மண்ணுத்தி, நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம்.

லாயம், தீனி, துணை

முதல் இரண்டு வாரம் சவாரி என்ற பேச்சே வேண்டாம். லாரியில் வந்து இறங்கிய குதிரைக்கு இடம் புதிது, தண்ணீர் புதிது, மனித வாடை புதிது.

குதிரை கூட்டத்தில் வாழும் விலங்கு. இன்னொரு குதிரை கண்ணில் படும்படி கட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது. அது முடியாதபோது ஆடோ மாடோ பக்கத்தில் இருந்தாலும் பதற்றம் தணியும். லாயத்தில் வெளிச்சம் வேண்டும். வெயிலிலிருந்து இருட்டுக்கும் இருட்டிலிருந்து வெயிலுக்கும் குதிரையின் கண் மெதுவாகத்தான் பழகும். வாசலில் அது தயங்கி நிற்பது பிடிவாதம் அல்ல, கண் தெளிவதற்கான நேரம்.

தீனியில் செய்யும் தவறு குணத்தில் தெரியும். பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியே வந்திறங்கிய குதிரைகள் பராமரிப்புத் தெரியாமல் மடிந்ததையும், அவற்றுக்கு இறைச்சியோடு சமைத்த அரிசி தரப்பட்டதையும் மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் குறித்திருக்கிறார். இன்றைய தவறு வேறு வகை: வேலையே இல்லாத குதிரைக்குக் கொள்ளும் தானியமும் அள்ளிக் கொடுப்பது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த நார்த்தீனி நாள்தோறும் தேவை. 300 கிலோ குதிரைக்கு அது 4.5 முதல் 6 கிலோ. அதை நாள் முழுதும் பிரித்துப் போட வேண்டும். வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் இரைப்பைப் புண் வரும்; புண் வந்த குதிரை வயிற்றுவார் இறுக்கும்போது திரும்பிக் கடிக்கும்.

எல்லையோரத்தில் எளிதாகக் கிடைப்பவை நேப்பியர் புல்லும் வைக்கோலும் தவிடும். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இவை இரண்டை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால் எலும்பு பலம் இழந்து குதிரை நொண்டும். வேறு புல்வகைகளையும் தாது உப்புக் கலவையையும் சேர்ப்பது இதற்கு மாற்று. எந்தத் தீனி மாற்றத்தையும் ஒரு வாரம் முதல் பத்து நாளில் சிறிது சிறிதாகச் செய்யாவிட்டால் வயிற்றுவலி வந்துவிடும்.

இரவில் குதிரை படுக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நின்றபடி அரைத்தூக்கம் போட முடியும். ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். பாதுகாப்பில்லை என்று நினைக்கும் குதிரை படுக்காது. காலையில் விலாவில் வைக்கோல் ஒட்டியிருந்தால் இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கொள்ளலாம்.

குதிரை பார்ப்பது, குதிரையைப் பார்ப்பது

தலையின் இரு பக்கமும் கண் அமைந்திருப்பதால் குதிரை ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் சிறு பகுதியும் வாலுக்கு நேர் பின்னால் ஒரு பகுதியும் மட்டுமே அதற்குத் தெரியாது. நெற்றியில் தடவ நேராகக் கை நீட்டுவதும் பின்னாலிருந்து வருவதும் அதைத் திடுக்கிட வைப்பது இதனால்தான். தோளை நோக்கி, சற்றுப் பக்கவாட்டில், பேசிக்கொண்டே போக வேண்டும்.

மனிதரைக் குதிரை எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதற்கு பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை சான்று. கணக்குக் கேட்டால் விடைக்குரிய எண்ணிக்கையில் காலைத் தட்டும். உளவியல் ஆய்வாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907இல் உண்மையைச் சொன்னார்: சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை அவரை அறியாமலே துளி அசைந்தது, அதைக் கண்டு குதிரை நிறுத்தியது. எனவே கோபத்தையோ பயத்தையோ மறைத்துக்கொண்டு குதிரையிடம் போக முடியாது. மனம் சரியில்லாத நாளில் தீனி மட்டும் போட்டுவிட்டு வருவதே மேல்.

காது, மூக்கு, வாய், வால் ஆகியவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு காது ஆளை நோக்கித் திரும்பினால் கவனிக்கிறது. இரு காதும் பின்னால் ஒட்டிப் படிந்து மூக்குத் துளை சுருங்கினால் கடிக்கப் போகிறது. கண்ணுக்கு மேல் சுருக்கம், இறுகிய வாய், உயர்ந்த தலை என்றால் அச்சம். கழுத்து தாழ்ந்து, கீழுதடு தளர்ந்து, நீளமாக மூச்சு விட்டால் பதற்றம் இறங்குகிறது.

கிட்டே போவதும் தொடுவதும்

பழக்குதலின் அடிப்படை ஒன்றுதான்: சிறிது அழுத்தம் கொடுத்தல், குதிரை சரியாகச் செய்த கணத்தில் அதை விடுதல். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்திலிருந்து அல்ல, அது நின்ற கணத்திலிருந்துதான். ஓரிரு விநாடி தாமதித்து விட்டால்கூட வேறு எதையோ கற்றுக்கொள்ளும்.

ஆள் கிட்டே வருவதே புதுக் குதிரைக்கு ஓர் அழுத்தம். அடைப்புக்குள் மெதுவாக நடந்து போகும்போது ஏதோ ஓர் இடத்தில் குதிரையின் தலை உயரும். அங்கேயே நிற்க வேண்டும். அது நகராமல் நின்று ஒரு காதை இந்தப் பக்கம் திருப்பியதும் திரும்பி நாலடி விலகிப் போக வேண்டும். மறுமுறை ஓரடி கூடுதலாக நெருங்கலாம். அசையாமல் நின்றால் இந்த ஆள் விலகிப் போவார் என்று தெரிந்துகொண்ட குதிரைக்கு ஓட வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. சில முறைக்குப் பின் அதுவே ஓரடி முன்னால் வந்து மோந்து பார்க்கும்.

முதல் தொடுதல் புறங்கையால், தோளில். தட்டுவதைவிடச் சொறிவது நல்லது. பிடரி மயிர் முடியும் இடத்தில், தோளின் மேல்பகுதியில்தான் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும். அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை பிரான்சில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அங்கிருந்து கழுத்து, முதுகு, விலா என்று கை நகரும். தோல் துடிக்கும் இடம் வந்தால் கையை எடுத்துவிடக் கூடாது; அங்கேயே லேசாக வைத்திருந்து, துடிப்பு நின்றதும் எடுக்க வேண்டும். துடிக்கும்போது எடுத்தால், துடித்தால் கை போய்விடும் என்ற பாடமே மிஞ்சும்.

காலைத் தூக்கப் பழக்குவதும் இதே முறைதான். தோளிலிருந்து கையைக் கீழே வழித்து, முட்டிக்குக் கீழே லேசாக அழுத்தினால் குதிரை எடையை மறுகாலுக்கு மாற்றும். முதல் நாளில் அது போதும், கையை எடுத்துவிடலாம். மறுநாள் குளம்பு தரையை விட்டு எழும்பியதும், அதற்கடுத்து ஒரு மூச்சு நேரம் பிடித்ததும் விட வேண்டும். நாலு காலையும் அமைதியாகத் தரும் குதிரையிடம்தான் லாடம் அடிப்பவரை அழைத்து வர வேண்டும்.

கையிலிருந்து வெல்லமும் கேரட்டும் ஊட்டுவது கடிக்கப் பழக்கும். இனிப்பு தருவதென்றால் தொட்டியில் போடலாம்.

தலைக்கயிற்றில் நடத்துதல்

கயிறு பத்துப் பன்னிரண்டு அடி இருக்க வேண்டும். அதைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை பாய்ந்தால் விரல் போய்விடும். மடித்துப் பிடிக்க வேண்டும்.

கயிறு இறுகியதும் குதிரை ஓரடி வைத்தால் உடனே தளர்த்த வேண்டும். பிறகு நிறுத்துதல், பின்னால் நகர்த்துதல், பின்பாகத்தை ஒதுக்குதல். பின்பாகத்தை ஒதுக்கப் பழகிய குதிரையிடம் ஓட்டத்தின் வலு குறையும் என்பதால் பின்னால் சவாரியில் இதுவே உயிர் காக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். எது ஒன்றைக் குதிரை நன்றாகச் செய்ததோ அதோடு முடிக்க வேண்டும். இடமிருந்து பழக்கியதை வலமிருந்தும் பழக்க வேண்டும். ஒரு பக்கம் அஞ்சாத பொருளுக்கு மறுபக்கம் அஞ்சுவது குதிரையின் இயல்பு.

சேணமும் ஏற்றமும்

சேணத்தை முதலில் மோந்து பார்க்க விட வேண்டும். பிறகு விரிப்பு மட்டும், அடுத்து சேணம், கடைசியாக வயிற்றுவார். வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒவ்வொரு துளையாக, இடையில் நடக்கவிட்டு இறுக்க வேண்டும். ஆளும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 300 கிலோ குதிரைக்கு அது 60 கிலோதான். உயரமும் மிடுக்கும் பார்த்து வாங்கிய சிறுகூடான குதிரை கனமான ஆள் ஏறியதும் துள்ளுவதற்கு இந்தக் கணக்கே விடை சொல்லும்.

ஏறும்போது மேடை ஒன்றில் நின்று ஏறினால் முதுகு முறுக்காது. முதல் நாள் அங்கவடியில் கால் வைத்து எடை கொடுத்து இறங்கினால் போதும். ஏறிய பிறகு ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்த, சில நாள் அடைப்புக்குள்ளேயே சுற்ற வேண்டும். தலைக்கவசமும் குதிகால் வைத்த மூடிய காலணியும் இல்லாமல் ஏறக் கூடாது.

காற்று, வெடி, யானை

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பியே கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தக் காற்றில் குதிரைக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தென்னை மட்டையும் தார்ப்பாயும் அடித்துக்கொள்ளும். பழகிய குதிரையே படபடக்கும் பருவத்தில் புதுக் குதிரையை வெளியே கொண்டுபோகாமல், அடைப்புக்குள் தலைக்கயிற்றுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சாலைக்குக் கொண்டுபோக ஏற்ற காலம் மழை அடங்கிய மார்கழி, தை. பங்குனி, சித்திரை வெயிலில் பாலக்காட்டுப் பக்கம் காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும்.

செண்டை மேளத்துக்கும் வெடிக்கும் பழக்க, பதிவு செய்த ஒலியைத் தீனி நேரத்தில் தொலைவில் மெல்ல ஒலிக்கவிட்டு, குதிரை தின்பதை நிறுத்தாத அளவில் நாள்தோறும் கூட்டலாம். ஆனால் நென்மாறை வல்லங்கி வேலா திருவிழா போன்றவற்றின் பெரும் வாணவேடிக்கைக்கு எந்தப் பயிற்சியும் போதாது. அன்று குதிரையைத் தொலைவான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

சின்னாறு, சின்னக்கானல் போன்ற பகுதிகளில் அந்தியிலும் விடியலிலும் யானை நடமாடும். அங்கே சாலையில் குதிரை திடீரென நின்று காதை முன்னால் நிமிர்த்தி மூக்கால் சீறினால் அதைக் குதிகாலால் தட்டி முன்னால் செலுத்தக் கூடாது. மனிதருக்கு முன்பே அதற்கு வாடை தெரிந்திருக்கும். இறங்காமல் அமைதியாகத் திருப்பி வந்த வழியே நடத்துவதே சரி.

கடி, உதை, எழும்பல், பாய்ச்சல்

கடிக்கும் குதிரையின் முகத்தில் அடித்தால் கையைக் கண்டாலே மிரளும். முழங்கையை அதன் முகத்துக்கு வழிமறித்து வைத்து, தானாக முட்டிக்கொள்ள விடுவது போதும். உதைக்கும் குதிரையின் பின்னால் போக நேர்ந்தால், கையை உடலில் வைத்தபடி ஒட்டி நடக்க வேண்டும். இல்லையேல் மூன்று நான்கு மீட்டர் விலகிப் போக வேண்டும். இடைப்பட்ட தூரத்தில்தான் உதையின் முழு வலுவும் படும்.

முன்னங்காலைத் தூக்கி எழும்பினால் வாரை விட்டுப் பிடரியைப் பிடித்து முன்னால் சாய வேண்டும். இரு வாரையும் இழுத்தால் குதிரை மல்லாந்து ஆள் மேல் விழும். பாய்ந்து ஓடினால் ஒரு வாரை மட்டும் விட்டு விட்டு இழுத்து, இடம் இருந்தால் வட்டத்தில் திருப்ப வேண்டும். மலைச்சாலையில் வட்டமடிக்க இடம் இல்லை. அதனால் ஒரு வாரில் தலை திருப்பி நிற்கும் பழக்கம் அடைப்புக்குள் உறுதியாகும்வரை மலைச்சாலைக்குப் போகாமல் இருப்பதே வழி.

இவற்றில் எது நடந்தாலும் முந்தைய படிக்கு இறங்கி, குதிரை அமைதியாகச் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யவைத்து அன்றைய பயிற்சியை முடிக்க வேண்டும். கோபத்தோடு குதிரையைக் கையாளக் கூடாது என்று கிமு 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான ஸெனஃபோன் தம் குதிரையேற்ற நூலில் எழுதிவைத்தார்; அந்த விதி மாறவில்லை.

எப்போது நிறுத்துவது

மேற்சொன்ன வரிசையில் மூன்று மாதம் போனால் பெரும்பாலான குதிரைகளிடம் தெளிவான மாற்றம் தெரியும். மாற்றமே இல்லாவிட்டால் வலியை மறுபடி தேட வேண்டும். காயடிக்காத ஆண் குதிரை என்றால் காயடிப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். எச்சரிக்கை எதுவும் காட்டாமல் ஆளைத் துரத்தித் தாக்கும் குதிரையைப் புதியவர் வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் குணத்தை மறைக்காமல் சொல்லி, அனுபவமுள்ள ஒருவர் கையில் ஒப்படைப்பது குதிரைக்கும் அடுத்து வாங்குபவருக்கும் செய்யும் கடமை.